சாப்பாட்டை மாத்தினா மூளை மாறுமா? தம்பிக்காகக் கேக்குறேன்

கரும்புக்காடு:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க. என் தம்பிக்கு 34 வயசு, 11 வருஷமா ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), அதுக்கு ஒலான்சபின்னு ஒரு மாத்திரை சாப்பிடுறான். மாத்திரை ஆரம்பிச்சதும் காதுல குரல் கேக்குறது நின்னுச்சு, அதை நான் மறக்கல, ஆனா ரெண்டே வருஷத்துல 22 கிலோ ஏறிட்டான், போன வருஷம் சுகரும் வந்துருச்சு. இங்க மொரிஷியஸ்ல இந்தத் தடவை காவடிக்கு 10 நாள் விரதம் இருந்தான். கோக் இல்ல, தால் பூரி இல்ல, ராத்திரி 11 மணிக்கு எந்திரிச்சு பிரெட் தின்றதும் இல்ல. ஏழாவது நாள் அவனாவே வந்து "அண்ணே, தலைக்குள்ள புகை விலகுன மாதிரி இருக்கு"ன்னான். 11 வருஷத்துல அவன் தன் தலையைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்னைக்குத்தான்.

அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். 2024ல ஸ்டான்ஃபோர்டுல ஸ்கிசோஃப்ரினியா இல்லன்னா பைபோலார் (மனசு உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போற நோய்) இருக்கிற 21 பேருக்கு 4 மாசம் கீட்டோ சாப்பாடு, அதாவது மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சுக் கொழுப்பைக் கூட்டுன சாப்பாடு, குடுத்துப் பாத்திருக்காங்க, எடையும் குறைஞ்சு மனசும் தெளிஞ்சிருக்கு. அவங்க நினைக்கிற மாதிரி மூளை சக்தியைக் கையாளுறதுலதான் கோளாறுன்னா நாம ஏன் மாத்திரையை மட்டும் கட்டிப் பிடிச்சிட்டு இருக்கோம்?

கணக்கு வாத்தியார்:
தம்பி நல்லா இருக்கணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனா அந்த 21 பேரோட ஒப்பிட்டுப் பாக்க வழக்கமான சாப்பாடு சாப்பிட்ட இன்னொரு கூட்டமே அந்த ஆய்வுல இல்ல. 4 மாசம் ஒரு டாக்டர் கூட்டம் கூடவே இருந்து விசாரிச்சா பாதிப் பேருக்கு மனசு லேசாகும். உங்க தம்பி விஷயமும் அப்படித்தான். அந்த 10 நாள்ல அவர் சாப்பாடு மட்டுமா மாறுச்சு? சீக்கிரம் தூங்கியிருப்பார், தினமும் கோவிலுக்கு நடந்திருப்பார், நாலு பேர் அவரை நோயாளியா பாக்காம பக்தரா பாத்திருப்பாங்க. இதுல எது வேலை செஞ்சதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?

வடக்குக் கடல்:
வாத்தியாரே, 21 பேர் சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்குறேன். ஆனா இது நேத்து முளைச்ச யோசனை இல்ல. வலிப்பு நோய்க்கு இந்தக் கீட்டோ சாப்பாட்டை மேயோ கிளினிக்ல வைல்டர்னு ஒருத்தர் 1921லயே சொல்லிட்டார், மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்னைக்கும் குடுக்குறாங்க. வலிப்புக்குக் குடுக்குற வால்ப்ரோயேட் மாத்திரையைத்தானே பைபோலாருக்கும் குடுக்குறோம்? ரெண்டுக்கும் நடுவுல ஏதோ பாலம் இருக்கு.

மூளை நம்ம எடையில 2%தான், ஆனா உடம்போட சக்தியில 20% அதுக்குப் போகுது. மூளையோட பகுதிகள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கணும், அந்தப் பேச்சுக்கே செலவு அதிகம். இன்சுலினை செல்கள் மதிக்காமப் போனா வெளில குளுக்கோஸ் நிறைய இருந்தாலும் உள்ள பட்டினி, அப்போ தூரத்துப் பகுதிகளோட தொடர்பு ஆட்டம் காணுது. 2025ல வந்த ஒரு ஆய்வுல 19,300 பேரோட மூளைப் படங்களை வச்சுப் பாத்திருக்காங்க, 44 வயசு வாக்குல இந்த நெட்வொர்க் தளர ஆரம்பிக்குது, 67ல வேகமாத் தளருது. அப்புறம் 101 பேருக்குக் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உடம்பு உண்டாக்குற பொருள்) குடுத்துப் பாத்தா நெட்வொர்க் நிலைப்படுது, 40லேர்ந்து 59 வயசுக்காரங்களுக்குத்தான் பலன் அதிகம். கீட்டோன் இன்சுலினை நம்பியிருக்காத இன்னொரு எரிபொருள், அதான் காரணம்.

கணக்கு வாத்தியார்:
அது மூளை மூப்படையுறதைப் பத்தின ஆய்வு, அதுல இருந்தவங்க மனநோயாளிங்க இல்ல. அங்கிருந்து ஒரே தாவலா ஸ்கிசோஃப்ரினியாவுக்குப் போறது நியாயமா? நான் பயப்படுறதுக்குக் காரணம் இருக்கு. 1930கள்ல சாக்கெல்னு ஒரு டாக்டர் இன்சுலினை ஊசியாப் போட்டு நோயாளியைக் கோமாவுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தார், அதுதான் மனநோய்க்கு மருந்துன்னு பல நாட்டு ஆஸ்பத்திரிகள் இருபது வருஷம் நம்புச்சு, சில பேர் செத்தும் போனாங்க. கடைசில பாத்தா குணமானது கோமாவால இல்ல, கூடுதல் கவனிப்பாலன்னு தெரிஞ்சுது. அதுவும் சர்க்கரை, இன்சுலின் கதைதான்.

இன்னொண்ணு, சுகரும் எடையும் அந்த மாத்திரையாலயே வருது. அப்போ உடம்புக் கோளாறு நோய்க்குக் காரணமா, மருந்தோட விளைவா?

வடக்குக் கடல்:
அதுக்குப் பதில் இருக்கு. மாட்ஸ்லின்னு ஒரு இங்கிலாந்து மனநல டாக்டர் 1879லயே எழுதினார், பைத்தியம் இருக்கிற குடும்பங்கள்ல நீரிழிவு அடிக்கடி தென்படுதுன்னு. முதல் மனநோய் மாத்திரை வந்தது 1952ல. இப்பவும் ஒரு மாத்திரைகூட இன்னும் போடாத புது நோயாளிங்களைச் சோதிச்சா இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், அதான் செல்கள் இன்சுலினை மதிக்காத நிலை, மத்தவங்களைவிட அதிகமா இருக்கு. மாத்திரை அதை மோசமாக்குது, உண்மைதான், ஆனா தொடக்கம் மாத்திரை இல்ல.

கணக்கு வாத்தியார்:
சரி, இதை ஏத்துக்குறேன். காரணம்னு இல்ல, சம்பந்தம் இருக்குன்னு.

வாக்வா நர்ஸ்:
ரெண்டு பேரும் சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்துங்க, நான் வார்டுல வேலை செய்றவ. கரும்புக்காடு தம்பி, நீங்க படிச்ச ஆய்வுல அந்த 21 பேரும் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டேதான் கீட்டோ இருந்தாங்க, இதை யாருமே சொல்லல. உங்க தம்பி சுகருக்கு என்ன சாப்பிடுறார்? கிளிக்லசைடுங்கிற சுகர் மாத்திரையா இருந்தா, திடீர்னு சோத்தை நிறுத்தினா சுகர் கீழ விழும், வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், வீட்ல இருக்கிறவங்க நோய் திரும்பிருச்சுன்னு நெனச்சு அதுக்கு ஒரு மாத்திரை குடுப்பாங்க. யாராவது பைபோலாருக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுறவங்க இதைப் படிச்சா, விரதத்துல தண்ணியும் உப்பும் குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறிடும், அது விஷம். டாக்டர்ட்ட சொல்லாம இதெல்லாம் செய்யாதீங்க.

ஆனா என் மனசுல உள்ளதையும் சொல்றேன். கடுமையான மனநோய் உள்ளவங்க மத்தவங்களைவிட 10லேர்ந்து 20 வருஷம் முன்னாடியே செத்துப்போறாங்க, பெரும்பாலும் இதயம், சுகர் மாதிரி உடம்பு நோயால. மனநல கிளினிக்குக்கு வந்தா இடுப்பளவு எடுக்குறது இல்ல, சுகர் கிளினிக்குக்குப் போனா தூக்கம் எப்படின்னு கேக்குறது இல்ல. ஒரே ஆள், ரெண்டு ஃபைல்.

ரோஸ்ஹில் பெரியம்மா:
என் மகளுக்கு பைபோலார். ஒருத்தர் பேச்சைக் கேட்டு எல்லா மாத்திரையையும் நிறுத்தி மூணு வாரம் பச்சைக் காய்கறி மட்டும் குடுத்தோம். முதல் வாரம் துறுதுறுன்னு இருந்தா, குணமாயிட்டான்னு நான் அழுதேன். அது குணம் இல்லப்பா, மேனியா, அதான் மனசு கட்டுமீறி உச்சத்துக்குப் போறது, தொடங்குனது. நாலாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு நடுரோட்ல நின்னவளைப் போலீஸ் கொண்டுவந்து விட்டாங்க. சாப்பாட்டை மாத்து தம்பி, மாத்திரையைத் தொடாதே.

கரும்புக்காடு:
பெரியம்மா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியல. தொட மாட்டேன். அக்கா, நீங்க சொன்னது கிளிக்லசைடுதான், அவன் சாப்பிடுறது அதேதான், காவடி 10 நாளும் அதை ஒரு வேளைச் சோத்தோட போட்டிருக்கான், இப்போ நெனச்சா வயிறு கலங்குது.

ஆனா ஒண்ணு கேக்கணும். அவனை "சாப்பிடாதே"ன்னா கோவம் வருது, அந்த ஒலான்சபின் பசியைத் தூண்டுது, அவன் தப்பு இல்ல. அப்போ நான் என்ன பண்றது?

வடக்குக் கடல்:
அவர்ட்ட கட்டுப்பாடு எதிர்பாக்காதீங்க, வீட்டை மாத்துங்க. நம்ம மொரிஷியஸ்லயே நடந்திருக்கு. 1987ல நாட்டுல கணக்கெடுத்துப் பாத்து ரேஷன் எண்ணெயைப் பாமாயில்லேர்ந்து சோயாவுக்கு மாத்தினாங்க, அஞ்சு வருஷத்துல சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோல்லேர்ந்து 4.7க்கு இறங்குச்சு. பெரும்பாலான வீடுகள்ல யாரும் மன உறுதியைச் செலவு பண்ணல, எண்ணெய் மாறுச்சு அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியார்:
அதே வருஷங்கள்ல சுகர் பெருசா குறையல, எடை ஏறுச்சு, அதையும் சேத்துச் சொல்லுங்க. ஆனா வீட்டை மாத்துறதுல எனக்கு எதிர்ப்பு இல்ல. கோக்கை வீட்டுக்குள்ள கொண்டுவராதீங்க, எல்லாருக்கும்தான். சாயங்காலம் அவரைக் கூட்டிக்கிட்டுக் கோவில் வரைக்கும் நடங்க. தூக்கம், எடை, குரல் கேக்குதா இல்லையான்னு தேதி போட்டு எழுதுங்க, மூணு மாசம் கழிச்சு இங்க போடுங்க, நானே கணக்குப் போட்டுத் தரேன்.

வாக்வா நர்ஸ்:
டாக்டர்ட்ட மூணு கேள்வி கேளுங்க தம்பி. எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் அளவு) எவ்வளவு, ஒலான்சபினுக்குப் பதிலா எடை ஏத்தாத வேற மாத்திரை இவருக்கு ஒத்துவருமா, மெட்ஃபார்மின்னு இன்னொரு சுகர் மாத்திரை சேக்கலாமா. ரெண்டு ஃபைலையும் கையோட எடுத்துட்டுப் போங்க, சுகர் டாக்டர் மேஜையில மனநல ஃபைலையும் சேத்து வைங்க.

கரும்புக்காடு:
வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். அவனும் உள்ள வந்து உக்காரணும்னு சொல்லியிருக்கேன், இதுவரைக்கும் எப்பவும் வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருப்பான். "நானே சொல்றேண்ணே, அந்தப் புகை விஷயத்தை"ங்கிறான்.