கொழுக்கட்டைப்புல் விதைத்து முளைக்காமல் போனவர்கள் உண்டா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மூன்று வருடமாக மனதை அரிப்பதால் எழுதுகிறேன். மாட்டுத் தீவனத்துக்குக் கொழுக்கட்டைப்புல் போட நினைத்து, புது விதைதான் நல்லது என்று தேடிப்பிடித்து, தையில் அறுத்ததை வாங்கி, சித்திரை மழைக்கே ஒரு ஏக்கரில் 3 கிலோ தூவினேன். இருபது நாளாகியும் ஒரு முளை இல்லை. விதை கொடுத்தவரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்து, காட்டை உழுது போட்டேன். அடுத்த வருடம் ஆடியில் அங்கேயே கடலை. களை எடுக்கப் போன அம்மா ஒரு தூரைப் பிடுங்கி வந்து என் முன்னால் போட்டார். "செத்த விதைன்னு சொன்னியே சாமி, இது என்ன?" கொழுக்கட்டைப்புல்தான். கடலைச் சால் முழுக்க அதுதான். அன்றைக்கு அந்த மனிதரைத் திட்டியது இன்னும் உறுத்துகிறது.

வேலந்தாவளம் மாட்டுக்காரன்:
அண்ணா, வெந்நீரில் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை. வேலிமசால் என்கிற தீவனச் செடிக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 80 டிகிரிக்கு ஆறவிட்டு, விதையை 4 நிமிடம் போட்டு எடுப்பேன். அப்புறம் ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணீர். காலையில் விதை உப்பியிருக்கும்.

மீனாட்சிபுரம்:
தம்பி, தயவுசெய்து புல்லுக்கு இதைச் சொல்லாதீர்கள். இப்படி நினைத்துத்தான் நானும் 2 கிலோ கொழுக்கட்டை விதையை வெந்நீரில் போட்டேன். அண்டாவிலிருந்து கம்பங்கஞ்சி வாசம் வந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, வெந்துபோச்சு என்று.

மசால் விதைக்குத் தோல் கல் மாதிரி. தண்ணீர் உள்ளே போகாது, சூடு பட்டால்தான் வழிவிடும். புல் விதையின் உறக்கம், அதாவது உயிர் இருந்தும் முளைக்காமல் கிடப்பது, வேறு. அறுத்த பிறகும் உள்ளே இருக்கும் மணி பக்குவப்பட நாளாகும், மேலே இருக்கும் பஞ்சு உமியும் முளையைத் தடுக்கும். 6 முதல் 8 மாதம் காய்ந்த இடத்தில் வைத்திருந்தால் தானாகவே உறக்கம் கலையும். அவசரம் என்றால் பொட்டாசியம் நைட்ரேட் வாங்குங்கள், உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் தருவார்கள். லிட்டருக்கு 10 கிராம் கரைத்து 48 மணி நேரம் ஊறவையுங்கள். தூவும்போது ஈரமணலோடு கலந்து மேலாகத் தூவுங்கள், ஆழத்தில் விழுந்தால் வராது. தென்னைக்கு நடுவே கினியாப்புல் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன், அதன் புது விதையும் இப்படித்தான் உறங்கும். அதற்கு விதையைவிட, தூரிலிருந்து வேரோடு பிரித்த வேர்க்கரணை நடுவதே மேல்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரிங்க அண்ணா. அப்படியென்றால் அந்த வருடம் ஆடி, ஆவணி வரைக்கும் நான் பொறுத்திருந்திருக்க வேண்டும். அதே விதையில் ஒரு படி இன்னும் மச்சில் இருக்கிறது. முளைக்கிறதா என்று பார்க்க நூறு எண்ணி ஈரச்சாக்கில் போட்டுவிட்டேன். நாளைக்குக் காலையில் விதை கொடுத்தவர் வீட்டுக்குப் போகிறேன்.