ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் கிடப்பவர்கள் உழவர்களா?

வரப்போரம்:
ஆதிச்சநல்லூர் என்றதும் தங்க நெற்றிப்பட்டம், வெண்கலம், இரும்பு வாள் என்று தொடங்கிவிடுகிறோம். இந்தப் பழைய இடுகாடு இருக்கும் நிலத்தை முதலில் பாருங்கள். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரம்பு, அதாவது மேட்டு நிலம். முழுக்கச் சரளையும் பாறையும், கலப்பை இறங்காது. ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதியோ பொன் விளையும் நஞ்சை. குழி வெட்ட எளிதான வண்டல் மண் பக்கத்திலேயே இருக்க, பாறையைக் குடைந்து, செத்தவர்களை வைத்த தாழியை இறக்கியிருக்கிறார்கள். ஏன்? நஞ்சையில் ஒரு சாண் மண்ணைக்கூடச் செத்தவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இது உழவன் போட்ட கணக்கு. 1899 முதல் 1905 வரை அங்கே தோண்டிய அலெக்சாண்டர் ரீ, தாழிக்குள் இருந்த பானைகளில் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் ஏராளமாகக் கிடைத்ததாக எழுதியிருக்கிறார். மண்வெட்டிகளும் கிடைத்தன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கொற்கைமுத்து:
இதற்கு மேல் நிறையவே வேண்டும், நண்பரே. என் வீட்டுச் சமையலறையிலும் அரிசி இருக்கிறது. நான் உழவன் இல்லை. உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய உமணர்களைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அவர்கள் வீட்டிலும் உமி இருந்திருக்கும். மண்வெட்டி என்கிறீர்கள். 114 ஏக்கர் பாறையில் குழி வெட்டியவர்களுக்கு அது வேண்டாமா? வெட்டியான் கருவியைக் காட்டி உழவன் என்கிறீர்கள்!

வெண்கலத்துக்கு வாருங்கள். செம்போடு வெள்ளீயம் சேர வேண்டும். வெள்ளீயம் இந்தப் பக்கத்தில் எங்கே கிடைக்கிறது? வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். கீழே கொற்கைத் துறை, முத்துக் குளிக்கும் கடல். இவர்கள் வணிகர்களும் உலோகம் உருக்கியவர்களும்தான். எனக்கும் சேர்த்து அகலமாகத் தாழி வனை என்று குயவனிடம் கேட்கும் புறநானூற்றுப் பெண் (256ஆம் பாட்டு) யார்? வண்டியின் ஆரக்காலில் ஒட்டிய பல்லி போலக் கணவனோடு பல சுரம் கடந்து வந்தவள். வரப்பில் உட்கார்ந்திருந்தவள் இல்லை.

வரப்போரம்:
பல்லி நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாட்டு இந்தப் பரம்பைப் பற்றியது அல்ல, காலமும் வேறு. 2004-05இல் தொல்லியல் துறை நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளை எடுத்ததே, அதில் ஒரு பானை ஓட்டைப் பாருங்கள். மேலே மண்ணை ஒட்டிச் செய்த உருவமாக ஒரு பெண், ஒரு கொக்கு, ஒரு மான், பக்கத்தில் நெற்கதிர். கப்பலும் இல்லை, துலாக்கோலும் இல்லை. வயலோரத்தில் நின்று பார்த்தவன் கை அது. வெண்கலச் சாமான்களிலேயே எருமை உருவம் இருக்கிறது. ஆற்றுக்கு வடக்கே சிவகளைப் பரம்பில், தாழியில் மண்ணோடு கிடந்த உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அங்கும் பரம்பு, அங்கும் தாழி, அங்கும் நெல். வெள்ளீயம் வெளியிலிருந்து வந்தது என்றால், எதைக் கொடுத்து வாங்கினார்கள்?

கொற்கைமுத்து:
முத்தைக் கொடுத்து.

நிலக்காரன்:
தம்பிகளே, நான் அந்தக் கரையில் பயிர் வைத்திருப்பவன். நீங்கள் செத்தவர்களின் தொழிலைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். உயிரோடு இருக்கும் உழவனை யாரும் கேட்கவில்லை. 2010இல் வந்த சட்டத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். மோட்டாருக்கு ஒரு கொட்டகை போடக் காகிதத்தோடு அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். 1876இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி அள்ளியது பெர்லினுக்குப் போய்விட்டது. எனக்கு மிச்சம் இந்த மீட்டர் கணக்குதான்.

கொற்கைமுத்து:
அண்ணாச்சி, உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் அந்தத் தூரம் இல்லாமல் போனால் பரம்பே மிஞ்சாது. சரளைக்காகவே லாரி வைத்து அள்ளிவிடுவார்கள். மேட்டை அறுத்துக்கொண்டு சாலை போவதைப் பார்க்கிறோமே.

நிலக்காரன்:
லாரிக்காரனுக்குப் போட்ட பூட்டு என் கொட்டகையில் அல்லவா தொங்குகிறது! சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இன்றும் வாய்க்கரிசி போடுகிறோம், குழி மேட்டில் நவதானியம் தூவிப் பால் ஊற்றுகிறோம். முளைக்கிற தானியத்தைச் செத்தவன் தலைமாட்டில் போடுகிற எண்ணம் விதைக்கிறவனுக்குத்தான் வரும். முத்து முளைக்காது, தம்பி.

வரப்போரம்:
அண்ணாச்சி சொன்னதற்குப் பிறகு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கொற்கைமுத்து:
எனக்கு இருக்கிறது. இன்றைய சடங்கை மூவாயிரம் ஆண்டு பின்னால் தூக்கிப் போட்டு அளக்க முடியாது. வாய்க்கரிசி வயலே இல்லாத வீட்டிலும் போடுகிறார்கள். நெல் விளைந்தது, அதை ஏற்கிறேன். பரம்பைத் தேர்ந்த கணக்கையும் ஏற்கிறேன். ஆனால் தங்கப் பட்டத்தோடு போனவரும் மண்பானையோடு போனவரும் ஒரே வயலில் குனிந்து நாற்று நட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் நட்டிருப்பார், ஒருவர் வரப்பில் நின்றிருப்பார். ‘உழவர் இடுகாடு’ என்று ஒரே பெயர் வைத்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

வரப்போரம்:
இது முன்பு சொன்ன வணிகர் வாதம் இல்லையே? வண்டியிலிருந்து இறங்கி வரப்புக்கு வந்துவிட்டீர்கள்.

கொற்கைமுத்து:
வரப்பு வரைக்கும்தான். வயலுக்குள் இறங்கவில்லை.

நிலக்காரன்:
வரப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் புஞ்சை ஓரத்தில் என் தாத்தா உழும்போது கொழுமுனையில் ஒரு தாழியின் வாய் தட்டியதாம். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, அந்த இடத்தை விட்டு வரப்பை வளைத்துப் போட்டார். சர்வே படத்தில் கோடு நேராகத்தான் இருக்கிறது. அரை சென்ட் போகட்டும் என்று அப்பாவும் விட்டுவிட்டார், நானும் நிமிர்த்தவில்லை. கொட்டகைக்கு அனுமதி கேட்ட மனுவில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் அங்கிருந்தும் 100 மீட்டர் அளந்துவிடுவார்களோ என்று விட்டுவிட்டேன்.