ஓடும்போது வாட்சில் இதயத்துடிப்பு 170, ஆனால் மூச்சு வாங்கவில்லை. அவசர உதவி தேவை

அடையாறு அலை · திங்கள், காலை 7:10

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக எலியட்ஸ் கடற்கரையில் காலையில் ஓடுகிறேன். ஷ்மிட் மண்டபத்தில் ஆரம்பித்து வேளாங்கண்ணி மாதா கோவில் பக்கம் வரை போய்த் திரும்புவேன். மெதுவான ஓட்டம்தான், கூட வரும் நண்பருடன் பேசிக்கொண்டேதான் ஓடுகிறேன். போன வாரம் மகள் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து, ஓட ஆரம்பித்த இரண்டே நிமிடத்தில் 168, 170, 172 என்று காட்டுகிறது. நின்றால் கடகடவென்று இறங்கிவிடுகிறது. இன்றைக்கு எச்சரிக்கை வேறு வந்து கையில் அதிர்ந்தது. மனைவி பார்த்துவிட்டு, நாளையிலிருந்து ஓடவே வேண்டாம் என்கிறாள். கோளாறு வாட்சிலா, எனக்கா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசி · 7:24

சார், எந்த வாட்ச், எந்த மாடல்? உங்கள் வயது என்ன? எந்தக் கையில் கட்டுகிறீர்கள், இறுக்கமாகவா தளர்வாகவா? இதெல்லாம் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

கருப்புதான் அழகு · 7:31

இதற்கு மாடல் எல்லாம் வேண்டாம். இந்த வாட்சுகள் பச்சை விளக்கை அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்துத்தான் நாடியைக் கணக்குப் போடுகின்றன. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். நம் தோலில் இருக்கும் மெலனினும் உறிஞ்சும். வெள்ளைத் தோலை வைத்துச் செய்த கருவி நமக்கு எப்படிச் சரியாகக் காட்டும்? நீங்கள் மாநிறமா கருப்பா என்று மட்டும் சொல்லுங்கள்.

மூத்த உறுப்பினர் 2009 · 7:48

இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று. மேலே தேடல் பெட்டி இருக்கிறது, ஒரு முறை தேடிப் பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். மணிக்கட்டில் கட்டுவது படி எண்ணத்தான் லாயக்கு. துடிப்பு பார்க்க வேண்டும் என்றால் செஸ்ட் ஸ்ட்ராப் வாங்குங்கள். அது இதயத்தின் மின்துடிப்பை நெஞ்சிலிருந்தே எடுக்கும். இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

டிகிரி காபி மாமி · 8:02

தம்பி, காபி குடித்துவிட்டு ஓடுகிறீர்களா? என் அண்ணனுக்கு இப்படித்தான் படபடப்பு வந்தது. இந்தச் சென்னைப் புழுக்கத்திற்கே துடிப்பு ஏறும். உடம்பு சூட்டைத் தணிக்க இரத்தம் தோலுக்குப் போக வேண்டியிருக்கிறது, வியர்வையில் தண்ணீரும் போகிறது, அதனால் இதயம் கூடுதலாக அடிக்கும். கிளம்புவதற்கு முன் தண்ணீர் குடியுங்கள்.

அடையாறு அலை · 8:40

ஆபீஸ் கிளம்பும் அவசரம், சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 47. இடது கை. கொஞ்சம் தளர்வாகத்தான் கட்டுகிறேன், இறுக்கினால் அரிக்கிறது. காபி ஓடிவிட்டு வந்துதான். பிரஷருக்கு ஒரு மாத்திரை போடுகிறேன், அது ஐந்து வருடமாகப் பழக்கம், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஈசிஜி அறை · 9:15

சார், அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். நான் 22 வருடம் ஈசிஜி டெக்னீஷியனாக வேலை பார்த்தவள். மாத்திரையின் பெயர் என்ன? ஓடும்போதோ ஓடி முடித்த பிறகோ தலைசுற்றல், நெஞ்சில் அழுத்தம், கண் இருட்டிக்கொண்டு வருவது, வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று உண்டா? ஒன்று இருந்தாலும் வாட்சை மறந்துவிட்டு இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெஞ்சழுத்தம் விடவில்லை என்றால் 108.

எதுவும் இல்லை என்றால் நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். வாட்ச் 170 காட்டும் நேரத்தில் சட்டென்று நின்று, உடனே கழுத்தில் குரல்வளைக்கு ஒரு பக்கமாக இரண்டு விரலை லேசாக வைத்து, 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது. நின்ற உடனே எண்ண வேண்டும், அரை நிமிடம் தாமதித்தாலே துடிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். ஒரு துடிப்பு தவறினால் கணக்கில் 4 வித்தியாசம் வரும், பரவாயில்லை. நமக்குத் தெரிய வேண்டியது 120ஆ 170ஆ என்பதுதான்.

ஓஎம்ஆர் ஓட்டம் · 9:38

அலை சார், ஈசிஜி மேடம் சொன்னதோடு இன்னொன்றும் எண்ணுங்கள். ஓடும்போது 30 நொடியில் இரண்டு காலும் சேர்த்து எத்தனை அடி வைக்கிறீர்கள்? அதை இரண்டால் பெருக்கினால் 170 பக்கம் வரும் என்பது என் கணிப்பு.

மெதுவாக ஓடுகிறவர்களில் நிறையப் பேருக்கு நிமிடத்திற்கு 160 முதல் 175 அடி இருக்கும். கால் தரையில் விழும் ஒவ்வொரு முறையும் கை ஆடுகிறது, வாட்ச் தோலை விட்டு எழும்பி உட்கார்கிறது, மணிக்கட்டில் இரத்தமும் அசைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதே தாளத்தில் கூடிக் குறைகிறது. எது அடி, எது துடிப்பு என்று வாட்ச் உள்ளே பிரித்துப் பார்க்க முயலும். ஆனால் பட்டை தளர்ந்து நாடியின் அறிகுறி மங்கிவிட்டால், பலமாகத் தெரிகிற அடியையே துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும். எனக்கு ஆறு மாதம் இப்படித்தான் ஓடியது. ஆப்பில் துடிப்புக் கோட்டையும் அடிக் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்த அன்றுதான் புரிந்தது, இரண்டும் ஒட்டிக்கொண்டு போயின.

47 வயதில் 170 என்பது ஏறக்குறைய உச்சத் துடிப்பு. அந்த நிலையில் யாராலும் நண்பருடன் பேசிக்கொண்டு ஓட முடியாது. உங்கள் பேச்சே உங்களுக்குச் சாட்சி.

கருப்புதான் அழகு · 10:05

பட்டை, தாளம் எல்லாம் சரி. தோல் நிற விஷயத்தை ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள்? கொரோனா நேரத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வாங்கினோம். 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் என்ன வந்தது? இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்ததை அந்தக் கருவி கருப்பினத்தவரிடம் தவறவிட்டது, வெள்ளையரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு. அது விளையாட்டு இல்லை, உயிர்.

ஓஎம்ஆர் ஓட்டம் · 10:22

அது உண்மை, முக்கியமான விஷயமும்கூட. ஆனால் அது ஆக்சிஜன் அளவு. சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளியின் விகிதத்தை வைத்துப் போடும் கணக்கு. இங்கே நாடி எத்தனை முறை எழுகிறது என்று எண்ணினால் போதும். அதே 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பல நிறத் தோல் உள்ள 53 பேரிடம் வாட்சுகளைச் சோதித்தார்கள். துடிப்புக் கணக்கில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அசைவில்தான் தெரிந்தது, ஓய்வில் இருப்பதைவிடப் பிழை சராசரியாக 30% கூடியது.

கருப்புதான் அழகு · 10:31

53 பேர்! சென்னையில் ஒரு பஸ்ஸில் அதைவிடக் கூட்டம் இருக்கும். நம் ஊரில், நம் வெயிலில், நம் ஆட்களை வைத்துச் செய்தால் ஒப்புக்கொள்கிறேன்.

வேளச்சேரி வாசி · 10:44

அண்ணா, நம் ஆட்களை வைத்துச் செய்ய வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் இவருக்கு ஓட்டத்தை நிறுத்தியதும் எண் இறங்கிவிடுகிறதே? தோல் ஓடும்போது மட்டும் நிறம் மாறாது.

அடையாறு அலை · மதியம் 1:20

மாத்திரை அட்டெனோலால் 50. தலைசுற்றல், நெஞ்சழுத்தம் எதுவும் இல்லை. உட்கார்ந்திருந்தால் வாட்ச் 60 பக்கம்தான் காட்டுகிறது. துடிப்பு கூடுதலாக இருப்பதால் மாத்திரை போதவில்லையோ என்று நினைத்து, நாளைக்குக் காலையில் இரண்டாகப் போட்டுக்கொண்டு ஓடலாமா என்று யோசிக்கிறேன்.

ஈசிஜி அறை · 1:26

வேண்டாம் சார். தயவுசெய்து வேண்டாம். இதைப் பார்த்ததும் பதில் போடுங்கள்.

அட்டெனோலால் இதயத்துடிப்பைக் குறைக்கிற மாத்திரை. அதை ஒழுங்காகப் போடுகிற ஒருவருக்கு, பேசிக்கொண்டு ஓடும் ஓட்டத்தில் 170 வருவது மிகவும் அபூர்வம். அதனால்தான் பெயர் கேட்டேன். இல்லாத வேகத்தை அடக்க நீங்கள் இரண்டு மாத்திரை போட்டால், இருக்கிற துடிப்பும் பிரஷரும் இறங்கி, கடற்கரையிலேயே மயங்கி விழ நேரலாம். பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது, அதில் வேறு ஆபத்து இருக்கிறது. கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் டாக்டர் சொல்லித்தான். வாட்சில் வருகிற எண்ணைப் பார்த்து மாத்திரையைத் தொடாதீர்கள்.

அடையாறு அலை · 1:41

பார்த்துவிட்டேன் மேடம். போடமாட்டேன்.

மூத்த உறுப்பினர் 2009 · 2:15

220இலிருந்து வயதைக் கழித்தால் 173. அவருடைய எல்லை அதுதான். 170 வந்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அடிப்படை தெரியாமல் ஆளுக்கு ஆள் குழப்புகிறீர்கள்.

ஓஎம்ஆர் ஓட்டம் · 2:33

ஐயா, அந்தக் கணக்கு பொதுச் சராசரி. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் பத்து, பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சாதாரணம். அட்டெனோலால் போடுகிறவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. இவருக்கு உச்சமே தாழ்ந்துவிடும்.

மூத்த உறுப்பினர் 2009 · 2:40

நான் செஸ்ட் ஸ்ட்ராப் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். கேட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஈசிஜி அறை · 2:58

செஸ்ட் ஸ்ட்ராப் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் தோலோடு தொடர்பு இல்லை என்றால் தப்பாகத்தான் காட்டும். கட்டுவதற்கு முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், ஓடி முடித்ததும் வியர்வை உப்பைக் கழுவ வேண்டும். விரலுக்கு இந்த வேலை ஒன்றும் கிடையாது. எங்கள் அறைக்குப் படபடப்பு என்று வருகிறவர்களுக்கு, மிஷினை மாட்டுவதற்கு முன் நான் முதலில் கையைத்தான் பிடித்துப் பார்ப்பேன்.

அலை சார், நாளைக்கு வாட்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஓடும்போது நகரக் கூடாது, அதே சமயம் கை மரத்துப்போகும் அளவுக்கும் வேண்டாம். ஓடி முடித்ததும் தளர்த்தி, தோலையும் பட்டையையும் கழுவித் துடைத்துவிடுங்கள். அரிப்பு பெரும்பாலும் உள்ளே தங்கும் வியர்வையால் வருவது.

டிகிரி காபி மாமி · 3:30

தண்ணீர் விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள் தம்பி.

அடையாறு அலை · செவ்வாய், காலை 7:35

முடிவு. போகும்போது பழையபடி தளர்வாகக் கட்டினேன், வாட்ச் 169. நின்று கழுத்தில் எண்ணினேன், 15 நொடியில் 31, அதாவது 124. அடி 30 நொடியில் 84, அதாவது 168. திரும்பி வரும்போது மேலே ஏற்றி இறுக்கிக் கட்டினேன். முதல் இரண்டு நிமிடம் தடுமாறிவிட்டு 126, 128இல் நின்றது. மனைவியையும் என் கழுத்தில் விரல் வைத்து எண்ண வைத்தேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், இந்த எண்களை எழுதி எடுத்துப் போகிறேன். ஈசிஜி மேடத்துக்கும் ஓஎம்ஆர் தம்பிக்கும் மிக்க நன்றி. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

கருப்புதான் அழகு · 7:50

நல்லது சார். அந்த நிறக் கேள்விக்கு மட்டும் தனி இழை ஆரம்பிக்கிறேன், ஓஎம்ஆர் அங்கே வரவும்.

ஈசிஆர் மிதிவண்டி · 8:12

இதே இடத்தில் என் சந்தேகமும். எனக்கு நேர்மாறு. முட்டுக்காடு வரை சைக்கிளில் போகும்போது நன்றாக மூச்சு வாங்குகிறது, வாட்ச் 85தான் காட்டுகிறது. என்ன காரணம்?

வேளச்சேரி வாசி · 8:20

எந்த வாட்ச்? எந்தக் கை? ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கி வைத்திருக்கிறீர்களா? ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா? அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.