தொகுப்பு வீடு லிஸ்ட்ல பேரு வராமப் போனவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

ஓமலூர்ப் பொண்ணு:
ரொம்ப நாளா மனசைப் போட்டு அறுக்குது, இன்னைக்கு எழுதிடறேன். தமிழ்நாடு அரசு வீடு கட்டித் தர்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்த புதுசு, 2024. 3.5 லட்ச ரூபாய், 360 சதுர அடி, குடிசையில இருக்கறவங்களுக்கு மட்டும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எங்கம்மா இருக்கறது தென்னங்கீத்து வேய்ஞ்ச ஒத்தை ரூம்பு. நத்தம் பட்டா அம்மா பேர்லயே இருக்கு. நூறு நாள் அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் சரி. எங்க தெருவுலயே மொத பேரு அம்மாதான்னு நெனச்சிருந்தோம்.

லிஸ்டுக்காக வீட்டைப் பாக்க வந்த ஆபீசரு நல்லவருதான், அம்மாவை "உக்காருங்கம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் பேசுனாரு. உள்ள வந்தாரு, அடுப்பைப் பாத்தாரு, நிமிந்து மேல பாத்தாரு. அடுப்புக்கு மேல நாலு சிமெண்ட் சீட்டு கெடக்கு. கையில இருந்த பேனாவால அதைத் தட்டுனாரு. டொக், டொக். "இது எப்பம்மா போட்டது?"

அந்த சீட்டு நான் வாங்கிப் போட்டது. மொத மாசச் சம்பளத்துல. முந்தின ஐப்பசி மழையில கீத்து ஒழுகி, அடுப்பு நனைஞ்சு, அம்மா ரெண்டு நாள் பக்கத்து வீட்டுல சோறு வாங்கித் தின்னாங்க. அது பொறுக்காமத்தான் போட்டேன். கூரையில ஒரு பக்கம் ஓடோ சீட்டோ இருந்தாலும் இந்தத் திட்டத்துல குடிசைக் கணக்குல சேராதாம். எழுதிட்டுப் போயிட்டாரு. கிராம சபையில பேரு படிச்சப்ப அம்மா பேரு வரவே இல்ல. எனக்கு இன்னும் காதுல அந்த டொக் டொக்தான் கேக்குது.

முன்னாள் வார்டு மெம்பர்:
தங்கச்சி, உங்க வருத்தம் புரியுது. ஆனா கிராம சபைதான் உங்கம்மா பேரை விட்டுருச்சுங்கற மாதிரி எழுதியிருக்கீங்க, அது சரியில்ல. நான் அஞ்சு வருசம் மெம்பரா இருந்தவன், 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சுது. லிஸ்ட் அங்க உக்காந்து எழுதறதில்ல. 2010-ல எடுத்த குடிசைக் கணக்கு, அதை மறுபடி சரிபாத்தது, அப்புறம் நேர்ல போய்ப் பாக்கறது, இதெல்லாம் முடிஞ்சுதான் சபைக்கு வருது. எங்க வார்டுல ஒரு பாட்டி என் கையைப் புடிச்சுக்கிட்டு "நீ சொன்னா போட்டுருவாங்கல்ல"ன்னு கேட்டாங்க. என்னால முடியலை. அதுக்கப்புறம் அந்தத் தெரு வழியாப் போறதையே விட்டுட்டேன்.

சரி, எல்லாருக்கும் உபயோகப்படட்டும்னு சொல்றேன். மத்திய அரசு வீடு வேற, மாநில அரசு வீடு வேற. பி.எம். ஆவாஸ் கிராமத் திட்டம் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வெச்சு ஆரம்பிச்சது, அதுல ஒரு வீட்டுக்கு மத்திய அரசு வெச்ச அளவு 1.20 லட்சம், மாநிலம் மேல போட்டுத் தருது. முன்னாடி வண்டி இருந்தாலே பேரு போயிடும், ஃப்ரிட்ஜ் இருந்தாலும் போயிடும். 2024-ல அதைத் தளர்த்திட்டாங்க, டூவீலர் இருந்தாத் தப்பில்ல, மாச வருமான வரம்பும் 10,000-ல இருந்து 15,000 ஆச்சு. அதனால ஒரு திட்டத்துல தள்ளுனா இன்னொண்ணுல போச்சுன்னு நெனைக்காதீங்க. பி.எம். திட்டத்துல பேரை நீக்குனா காரணம் எழுதணும், மாவட்ட அளவுல மேல்முறையீட்டுக் குழு இருக்கு. கிராம சபை வருசத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேருக்குள்ள இருக்கற ஊருக்கு 50 பேர் வரணும், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200. ஆள் சேரலைன்னா தீர்மானம் நிக்காது. மனுவை வாயில சொல்லாதீங்க, எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. பதில் வரலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுங்க. தகவல் உரிமைச் சட்டத்துல உங்க ஊரு லிஸ்ட்டையே கேளுங்க, யாரு பேருக்கு எதனால தகுதியில்லைன்னு எழுதியிருக்குன்னு தெரிஞ்சிரும். வீடு கெடைச்சவங்களுக்கும் ஒண்ணு. பணம் ஒரேயடியா வராது, பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப்னு வேலை ஏற ஏறத்தான் பில் ஆகும். வட்டிக்கு வாங்கி அஸ்திவாரம் தோண்டாதீங்க.

காப்பிக்காடு:
மெம்பர் அண்ணா, ரசீது, மேல்முறையீடு எல்லாம் பட்டா இருக்கறவங்களுக்கு. ஏற்காட்டுல எஸ்டேட் லைன் வீட்டுல பொறந்தவங்களுக்கு என்ன சொல்றீங்க? 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துல முதலாளி வீடு குடுக்கணும்னு இருந்துச்சு, குடுத்தாங்க. வேலை இருக்கற வரைக்கும்தான் அந்த வீடு. எங்க ஆயா நாப்பது வருசம் காப்பி பொறுக்குனாங்க. இடுப்பு போனதும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இடமில்லாதவங்களுக்குத் தொகுப்பு வீடு எப்படிக் கட்டறது?

மனு வாங்கற முகாம்ல மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு "பாட்டி, மலையில உங்களுக்குன்னு எதாவது எடம் இருக்கா?"ன்னு கேட்டாரு. நல்லபடியாத்தான் கேட்டாரு. ஆயா கொஞ்ச நேரம் யோசிச்சு, "எங்கூட்டுக்காரரைப் பொதச்ச எடம் இருக்கு சாமி, அதுகூட எஸ்டேட்டுதுதான்"னாங்க. அவரு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. அதுக்கு மேல எதுவும் கேக்கலை. மொதல்ல வீட்டுமனைப் பட்டாவுக்கு எழுதுங்கன்னு அவரே வெள்ளைத்தாள்ல மனு எழுதிக் குடுத்தாரு. ஆயா இப்ப சேலத்துல என் அக்கா வீட்டுத் திண்ணையில படுக்கறாங்க. ராத்திரி வேர்க்குது, தூக்கம் வரலை, மேல கூட்டிட்டுப் போங்கறாங்க. மேல எங்க கூட்டிட்டுப் போறது?

செவ்வாய்ப்பேட்டை:
டவுன்ல கிராம சபையும் இல்ல, பேரு படிக்கறதும் இல்ல. நாங்க திருமணிமுத்தாறு ஓரம். ஆத்தோரம் இருக்கறவங்களை எடுத்துட்டு நகர்ப்புற வாழ்விட வாரியத்து அடுக்குமாடியில வீடு குடுக்கப்போறாங்கன்னு கணக்கெடுக்க வந்தாங்க. வீட்டு வீட்டுக்குச் செவப்புப் பெயிண்ட்ல நம்பர். நானும் வீட்டுக்காரரும் வெள்ளிப்பட்டறையில கொலுசு பத்த வைக்கற வேலை, காலையில போனா பொழுது எறங்கித்தான் வருவோம். வந்து பாத்தா எடப்பக்கம் வீட்டுல 41, வலப்பக்கம் 42. எங்க செவுரு வெறுஞ்செவுரு. பூட்டுன வீடுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்களாம்.

அடுத்த நாள் கூலியை விட்டுட்டு, கரண்ட் பில்லு, ஆதார், ஓட்டு அட்டை எல்லாம் எடுத்துக்கிட்டு அலைஞ்சேன். வருமானம் வருசம் 3 லட்சத்துக்குள்ள, இந்தியாவுல எங்கயும் வீடு இல்லைன்னு உறுதிமொழியும் எழுதிக் குடுத்தேன். ஆறு மாசம் கழிச்சுச் சேத்தாங்க. குலுக்கல்ல மூணாவது மாடி வந்துச்சு. மாமனாருக்குச் சர்க்கரையில ஒரு கால் எடுத்தாச்சு. மாத்துத்திறனாளி சான்று காட்டுனதுக்கப்புறம்தான் கீழ்வீடு மாத்திக் குடுத்தாங்க. மெம்பர் அண்ணா, நீங்க சொன்ன ரசீது விஷயம் நூத்துக்கு நூறு நெசம். அது இல்லைன்னா நான் இன்னும் அந்த வெறுஞ்செவுரோடதான் இருப்பேன். ஆனா கூலியை விட்டுட்டுப் போகணுமே, அதை யாரும் சொல்றதில்ல. நான் பதினோரு நாள் கூலியை விட்டேன்.

ஓமலூர்ப் பொண்ணு:
மெம்பர் அண்ணா, கிராம சபையை நான் குத்தம் சொல்லலை. பேரு வரலைன்னுதான் எழுதினேன். பி.எம். வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கோம், ரசீதும் வாங்கியிருக்கேன். காப்பிக்காடு, உங்க ஆயாவை நெனச்சு நேத்து ராத்திரி தூங்கலை.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கிராம சபை முடிஞ்சு வந்த அன்னைக்கு அம்மா என்னை ஒண்ணும் கேக்கலை. சோறு போட்டாங்க, தின்னோம். வெளக்கணைச்சு ரொம்ப நேரம் கழிச்சு, நான் தூங்கிட்டேன்னு நெனச்சாங்களோ என்னவோ, மெதுவாக் கேட்டாங்க: "கண்ணு, அந்த சீட்டைக் கழட்டிட்டா பேரு வருமா?"

நான் தூங்கற மாதிரியே படுத்துக் கெடந்தேன்.