எம்.எல்.எஸ் முடித்துவிட்டேன், கைக்காசு போடாமல் பிஎச்டி செய்ய வழி இருக்கிறதா?

கிணற்றடி (கேள்வி):

வணக்கம். யாழ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் 4 வருடம் படித்து முடித்தேன், இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. கடைசி வருட ஆய்வு டெங்கு நோயாளிகளின் குருதிச் சிறுதட்டுகள் பற்றியது, அந்த ஒரு வருடம்தான் படிப்பிலேயே சந்தோசமாக இருந்த வருடம். இப்போது ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் காலை 6 மணிக்கு இரத்தம் எடுக்கத் தொடங்கினால் மத்தியானம் வரை நிமிரவே முடியாது. அரச நியமனம் எப்போது வரும் என்று தெரியவில்லை.

பிஎச்டி செய்ய ஆசை. அப்பா தோட்டக்காரர், வெங்காயம் விலை போகாத வருடத்தில் அவரிடம் காசு கேட்க மனம் வராது. நகரத்தில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன், இங்கிலாந்தில் பிஎச்டி எடுத்துத் தருகிறோம், முதலில் பதிவுக்கு 75,000 ரூபா கட்டுங்கள் என்றார்கள். கட்டலாமா? முதலில் மாஸ்டர்ஸ் செய்யத்தான் வேண்டுமா? அம்மா வேறு கல்யாணத் தரகரை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறா, அதனால் கொஞ்சம் கெதியாகப் பதில் சொல்லுங்கோ.

நுண்காட்டி:

தங்கச்சி, அந்த 75,000ஐக் கட்டவே கட்டாதீங்கோ. நான் இப்போது சுவீடனில் மூன்றாம் வருடம், நானும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் அறை எடுத்துப் படித்தவள்தான். பிஎச்டியைப் படிப்பு என்று நினைக்கிறபடியால்தான் ஏஜென்சிக்காரர் காசு கேட்க முடிகிறது. இங்கே அது வேலை. பல்கலைக்கழகம் தன் இணையத்தளத்தில் விளம்பரம் போடும், நேர்முகம் நடக்கும், எடுத்தால் மாதச் சம்பளம், கல்விக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியிலும் உயிரியல் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான், முழுநேர ஆய்வாளர் சம்பளத்தில் 65 வீதம் தருவார்கள், ஒருவர் இருந்து சாப்பிடப் போதும்.

ஆனால் ஐரோப்பாவுக்கு வெறும் 4 வருட இளமாணி பெரும்பாலும் காணாது. சுவீடனில் முதுமாணி கேட்பார்கள், அல்லது 240 கிரெடிட் (ஐரோப்பியப் படிப்பு அலகு, வருடத்துக்கு 60), அதில் 60 முதுநிலை மட்டத்தில் இருக்க வேண்டும். நான் எராஸ்மஸ் முண்டஸ் என்ற, பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு முதுமாணியில் புலமைப்பரிசிலோடு வந்தேன், கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ தந்தார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் மார்கழி, தையில் முடிந்துவிடும், இப்பவே பாருங்கோ.

இன்னொன்று, மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் என்று ஐரோப்பிய ஒன்றிய நிதியில் சம்பளத்தோடு பிஎச்டி இடங்கள் இருக்கின்றன, எந்த நாட்டவரும் போடலாம். முக்கியமான நிபந்தனை, வேலை இருக்கும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தை விட்டு எங்கேயும் போகாமல் இருந்தது நன்மையாகிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி ஈமெயில். நான் முதலில் ஒரே கடிதத்தை 60 பேருக்கு அனுப்பினேன், 'மதிப்பிற்குரிய ஐயா' என்று. அதில் பாதிப் பேர் பெண்கள். ஒரேயொருவர் பதில் போட்டார், 'நான் அந்த ஆய்வுகூடத்தை மூடி 4 வருடம்' என்று! பிறகு ஒரு மாதம் யாருக்கும் எழுதாமல் இருந்து, 5 பேருடைய அண்மைக் கட்டுரைகளை மட்டும் வாசித்தேன். ஒவ்வொருவருக்கும் 10 வரி: உங்கள் கட்டுரையில் இந்தப் படத்தில் இப்படி வந்திருக்கிறது, என்னுடைய நோயாளிகளில் வேறு மாதிரி வந்தது, ஏன் என்று யோசிக்கிறேன், அவ்வளவுதான். மூன்று பேர் பதில் போட்டார்கள், ஒருவர் ஸூமில் கதைத்தார். உங்களிடம் டெங்குத் தரவு இருக்கிறது தங்கச்சி, அது அங்கே இருக்கிற நிறையப் பேரிடம் இல்லை. 'உங்களது புகழ்பெற்ற நிறுவனத்தில்' என்று மட்டும் தொடங்காதீங்கோ, அந்த வரியைக் கண்டாலே இங்கே அழித்துவிடுவார்கள், பக்கத்து மேசையில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஆரியகுளத்தான்:

நுண்காட்டி அக்கா சொன்னது சரி, ஆனால் எல்லாரும் பிளேன் ஏறத்தான் வேண்டும் என்றில்லை. தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் இரண்டும் விரிவுரையாளர்களுக்கு ஆய்வு நிதி கொடுக்கின்றன. அந்த நிதியில் ஆய்வு உதவியாளராக எடுபட்டால் மாதக் கொடுப்பனவோடு முதுதத்துவமாணிக்கு (எம்.பில்) பதியலாம், பிறகு கலாநிதியாகத் தரமுயர்த்தவும் இடமிருக்கிறது. நான் அப்படித்தான் செய்கிறேன். காசு குறைவுதான், பொய் சொல்லவில்லை, பெற்றோலுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் போக மிச்சம் பெரிதாக இல்லை.

ஆனால் கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஈடிஸ் நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பாடசாலையில் படித்தோம், யாழ்ப்பாணக் கரையோரத்தில் உவர்த் தண்ணீரிலும் அதன் குடம்பிகள் வளர்வதை எங்கள் பல்கலைக்கழகத்தார்தான் கண்டு எழுதினார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது, அதே வருடக் கடைசியில் மன்னாரில் புதிய மலேரியா நுளம்பு அகப்பட்டது. இதை ஸ்டொக்ஹோமில் இருந்து செய்ய ஏலுமா?

கஷ்டமும் சொல்ல வேண்டும். 2022இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது மாதிரிகள் வைத்திருக்கும் மைனஸ் 80 பாகைக் குளிரூட்டியைக் காப்பாற்ற ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்தோம். ஓடர் பண்ணிய பரிசோதனைக் கிட் வர இப்பவும் மாதக்கணக்காகும்.

நுண்காட்டி:

தம்பி சொல்வது நியாயம்தான், நுளம்பு ஆய்வு என்றால் நானும் அங்கேதான் இருந்திருப்பேன். ஆனால் அந்த நிதி கிடைத்த விரிவுரையாளரிடம் இடம் காலியாக இருக்க வேண்டுமே, அதை நம்பி எத்தனை வருடம் இருப்பது?

பனங்கொட்டை:

ஏஜென்சி பற்றி நானும் சொல்லுறேன், ஏனென்றால் கட்டி ஏமாந்தவன். எனக்கு 'அனுமதி' வந்தது உண்மை, ஆனால் சொந்தச் செலவில். ஆய்வுகூடப் பிஎச்டிக்கு வெளிநாட்டவருக்கான கட்டணத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கடிதத்தை அம்மாவுக்குக் காட்டவே இல்லை. இங்கிலாந்தில் அரச ஆய்வு நிதி இடங்களில் வெளிநாட்டவருக்கு 30 வீதம் வரைதான், அந்தப் போட்டியை ஏஜென்சி உங்களுக்காக வெல்லாது.

இப்போது ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் இருக்கிறேன், 35 வயதுக்கு உட்பட்டவர்கள் கொழும்புத் தூதரகம் வழியாகப் போடலாம். முதலில் ஆய்வு மாணவர், பிறகு நுழைவுப் பரீட்சை, மருத்துவப் பக்கம் கலாநிதி 4 வருடம். அமெரிக்காவும் பாருங்கோ, அங்கே இளமாணியோடு நேரே பிஎச்டிக்கு எடுப்பார்கள், ஆனால் 2025இல் சுகாதார ஆய்வு நிதியில் கை வைத்ததால் சில இடங்களில் சேர்க்கையைக் குறைத்துவிட்டார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 75, 100 டொலர் போகும், கட்டண விலக்குக் கேட்டு எழுதினால் சில இடங்களில் தருவார்கள், கேட்க வெட்கப்படாதீங்கோ.

கிணற்றடி:

எல்லாருக்கும் நன்றி. ஏஜென்சிக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இப்போது 50,000க்கு இறங்கி வந்திருக்கிறார்கள் :) முதலில் எராஸ்மஸ் பார்க்கிறேன், ஆரியகுளத்தான் அண்ணா சொன்ன மாதிரி என் பழைய மேற்பார்வையாளரிடம் நிதி ஏதும் இருக்கிறதா என்று நாளைக்குப் போய்க் கேட்கிறேன். அக்கா, பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது 2 வருடம் கதைக்காத சேரிடம் எப்படித் தொடங்குவது?

நுண்காட்டி:

உங்களுடைய ஆய்வறிக்கையின் பிரதி ஒன்றையும் பெறுபேற்றுத் தாளையும் கையில் கொண்டு போங்கோ. அவருக்குப் பெயர் ஞாபகம் இருக்காது, தலைப்பு ஞாபகம் இருக்கும்.