1973 பிஎம்டபிள்யூ 3.0 சிஎஸ்ஐ: "நட்டு போல்ட் வரை ரெஸ்டோர் செய்தது" என்கிறார்கள், நம்பலாமா?

நீலக்கூபே கேட்டது:

ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த வண்டி விற்பனைக்கு வந்திருக்கிறது. 1973 சிஎஸ்ஐ, ஃப்யோர்ட் நீலம். விளம்பரத்தில் 32 படம், எல்லாவற்றிலும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. எஞ்சினைப் பிரித்து மாட்டியதற்கு பில் இருக்கிறது. பாடி வேலைக்கு மட்டும் எதுவும் இல்லை. கேட்டால் "தெரிந்தவர் செய்து கொடுத்தார்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே முடிவு பண்ணிவிடலாமா?

தகரக்காரன்:

எஞ்சினை விடுங்கள். அந்த 2985 சிசி ஆறு சிலிண்டர் லேசில் சாகாது. இந்த வண்டியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது தகரத்தைத்தான்.

நானும் ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கும்போது இதே மின்னல், இதே "முழு ரெஸ்டோரேஷன்" கதை. இரண்டு வருடம் கழித்து முன் மட்கார்டின் மேல் விளிம்பில், பானெட்டை ஒட்டி, கடுகு அளவில் நாலு கொப்புளம். நகத்தால் சுரண்டினேன். நகத்தோடு பெயின்ட் வந்தது, பெயின்டோடு பட்டி (பள்ளம், ஓட்டையை அடைக்கப் பூசும் பசை) வந்தது, பட்டிக்குப் பின்னால் டயர் தெரிந்தது.

ஏன் அங்கே என்றால், சக்கரம் வாரி அடிக்கும் ஈர மண் மட்கார்டின் உள்ளே மேலே போய் ஒரு திட்டில் உட்கார்ந்துகொள்ளும். காயவே காயாது. கார்மன் கம்பெனி கட்டிய இந்த பாடியில் முன் மட்கார்டு போல்ட் போட்டது இல்லை, வெல்டிங். கழற்றிப் பார்க்க முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டவர்கள் வெளியிலிருந்தே பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். படத்தில் எதுவும் தெரியாது.

போகும்போது துணி சுற்றிய சின்ன காந்தம் ஒன்று கொண்டு போங்கள், தகரத்தில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. 100, 150 மைக்ரான் என்றால் கம்பெனியில் அடித்த பழைய பெயின்ட். 300 வரை போனால் மறுபடி அடித்தது, பரவாயில்லை. 1000 காட்டினால் அது பட்டி.

அப்புறம் ஜாக்கி. இதை மட்டும் விடாதீர்கள். முன் கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே இதில் தூண் கிடையாது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டால் பக்கவாட்டு முழுக்கத் திறந்து கிடக்கும். அழகு அதில்தான், வம்பும் அதில்தான். தூண் தாங்க வேண்டிய பாரத்தையும் கதவுக்கடியில் நீளமாக ஓடும் பெட்டித் தகரமே தாங்குகிறது. முதலில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஜாக்கி போட்டுத் தூக்கி மறுபடி மூடுங்கள். கதவு உரசினாலோ இடைவெளி மாறினாலோ, அந்தப் பெட்டி உள்ளுக்குள் உளுத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

பெயின்ட் அடிப்பதற்கு முன், தகரம் வெறுமையாக இருந்தபோது எடுத்த படம் கேளுங்கள். ஒழுங்காக வேலை செய்தவன் அதைத்தான் முதலில் காட்டுவான்.

ஆறுசிலிண்டர்:

அண்ணன் சொன்னதில் தகரம் சரி. ஆனால் எஞ்சினை அப்படியே விட்டுவிடாதீர்கள். சிஎஸ்ஐ என்றால் பாஷ் கம்பெனியின் டி-ஜெட்ரானிக் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன், 200 குதிரைத்திறன். 'ஐ' இல்லாத சிஎஸ் என்றால் இரண்டு கார்புரேட்டர், 180. இன்ஜெக்‌ஷனைச் சரிசெய்யத் தெரியாமல் கழற்றி வீசிவிட்டு கார்புரேட்டர் மாட்டிய சிஎஸ்ஐ எவ்வளவோ உண்டு. பானெட்டைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள். எஞ்சின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஒருமுறை சூடேறி மூச்சு வாங்கிய எஞ்சினில் அலுமினிய ஹெட்டில் விரிசல் விட்டிருக்கலாம், அதனால் ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா என்றும் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஒப்பிடுங்கள், அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். நிஜமாகவே நீலமாகப் பிறந்த வண்டியா என்று சந்தேகம் இருந்தால், பிஎம்டபிள்யூ கிளாசிக் பிரிவுக்கு சேஸிஸ் எண் கொடுத்துக் கேட்கலாம்.

நீலக்கூபே:

போய் வந்தேன். இன்ஜெக்‌ஷன் இருக்கிறது, இரண்டு எண்ணும் ஒன்றுதான், ஆறிய எஞ்சின் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தத்தில் அங்கேயே முன்பணம் கொடுத்திருப்பேன். அப்புறம்தான் காந்தத்தை எடுத்தேன். இடது மட்கார்டில் ஒட்டியது. வலது பக்கம் மேல் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு வழுக்கி வழுக்கி விழுந்தது. ஜாக்கி என்றதும் "பெயின்ட் போய்விடும்" என்று மறுத்துவிட்டார். வெறும் தகரப் படம் கேட்டேன், பழைய போனோடு போய்விட்டதாம்.

தகரக்காரன்:

ஜாக்கி வைக்கவென்றே இருக்கும் இடத்தில் வைத்தால் என்ன பெயின்ட் போகும்? வலது மட்கார்டையும் அந்தப் பெட்டியையும் வெட்டி மாற்றும் செலவை விலையில் கழிப்பாரா என்று கேளுங்கள். கழித்தால் வாங்கலாம், எஞ்சின் நல்லது. இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அது இருக்கட்டும், டிக்கி மூடியின் உள்பக்கம் ஒரு டூல் பெட்டி இருக்குமே, இந்த வண்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். இருந்ததா?

நீலக்கூபே:

இருந்தது அண்ணா. உள்ளே ஒரு பிளக் ஸ்பானர், மடித்து வைத்த உப்புத்தாள் இரண்டு.