எல்லையில் நாவல் படிக்கிறவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி. அதிலிருக்கும் தடித்த நாவல்களின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். பாதி வரிகளில் என் உறுப்பினர் எண்தான் இருக்கும். நாவலுக்கு இனி ஆள் இல்லை என்று யாராவது எழுதினால், அந்தச் சீட்டை நினைத்துத் தலையாட்டிவிடுவேன்.

சென்ற மாதம் 'கசாக்கின் இதிகாசம்' எடுத்து வந்தேன். ஓ.வி. விஜயனின் மலையாள நாவல், 1969-இல் புத்தகமாக வந்தது. யூமா வாசுகியின் தமிழாக்கத்துக்கு 2017-இல் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. கதைக்கு மூலமான தஸ்ராக், பாலக்காட்டை ஒட்டி இங்கேதான் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கதை எனக்குத் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது!

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அட்டையைப் பார்த்ததும், "மாமா, இதை நான் மலையாளத்தில் மூன்று தடவை படித்துவிட்டேன்" என்றாள். நாவலில் வரும் மொல்லாக்கா வாய் திறந்தால் அவளுடைய பாட்டி பேசுவது போலவே இருந்ததாம். ராவுத்தர்களின் தமிழ் கலந்த பேச்சு அது. மலையாளத்தில் தனியாகக் காதில் விழுகிறது. எனக்கு உறைக்கவே இல்லை. தமிழுக்குள் தமிழ் எப்படித் தனித்துத் தெரியும்? அன்று இருட்டும்வரை திண்ணையில் இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு, அவள் ஒரு பத்தி, நான் ஒரு பத்தி. தேதிச் சீட்டில் இதெல்லாம் ஏறாது.

திருவனந்தபுரம் சாலைத் தெருவிலிருந்து:

மொழிபெயர்ப்பு இருக்கட்டும் ஐயா. இங்கேயே உட்கார்ந்து தமிழில் எழுதியவர்களை யார் சீண்டுகிறார்கள்? ஆ. மாதவன் இந்தத் தெருவில் கடை வைத்துக்கொண்டே எழுதியவர், 2021-இல் மறைந்தார். என் கடைக்கு வரும் கல்லூரிப் பையன், இதே தெருவில் வளர்ந்தவன், பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அவருடைய 'கிருஷ்ணப் பருந்து' நாவலைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்து, அவர் கடை எது என்று கேட்டான். தெருவில் இறங்கிக் காட்டினேன். புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆந்திரத்தின் நகரியிலிருந்து:

எங்களுக்கு விசைத்தறி. மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2023-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்ததைக் கேள்விப்பட்டு, ஆங்கிலத்தில் வாங்கித் தரச் சொன்னாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நானே தமிழில் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் சங்கடம் தெரிந்தது. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலே கேட்காது. ஆகவே கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் நாவல். டார்ச்சை அவள் பிடித்துக்கொள்வாள். சரோஜாவைக் கூட்டிக்கொண்டு குமரேசன் ஊருக்குள் வந்துவிட்டான், அவன் அம்மா வாயெடுத்துவிட்டாள். அந்த இடத்தில் நிற்கிறது. ஒரு வாரமாகக் கரண்ட் போகவே இல்லை.